இலங்கையின் உயர்ந்த மலைகளில் நடக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலை. அதன் உச்சிக்கு நடந்து போக அனுமதி இல்லை. மலையேற வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுதான். உயரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஏறி முடிக்கலாம் என்று கிளம்பி வருபவர்கள் முதல் நாளே பிதுருதலாகலையின் அடிவார நகரான நுவரெலியாவில் திகைத்து நிற்கிறார்கள். அதே பட்டியலில் வரும் ஹக்கலையும் கடும் பாதுகாப்புக்கு உட்பட்ட இயற்கை ஒதுக்கு. பொழுதுபோக்காக ஏறுவதற்கு உரிய இடம் அல்ல.

ஆகவே பட்டியலைச் சற்று ஒதுக்கிவையுங்கள். எந்தப் பருவக்காற்று வீசுகிறது, யாருடைய அனுமதி வேண்டும், உங்கள் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் திட்டமிடுபவர்கள்தான் இந்த மலைகளை நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உயரம் அதற்குப் பிறகு வருகிற விடயம்.

உயரங்கள்

பெரிய மலைகள் எல்லாம் தீவின் நடுவிலுள்ள மத்திய மலைநாட்டில்தான் இருக்கின்றன. முக்கியமானவை இவை:

- பிதுருதலாகலை: 2,524 மீற்றர்
- கிரிகல்பொத்தை: 2,388 மீற்றர்
- தொட்டுப்பொலை: 2,357 மீற்றர்
- சிவனொளிபாத மலை: 2,243 மீற்றர்
- கிரேட் வெஸ்டர்ன்: 2,216 மீற்றர்
- ஹக்கலை: 2,170 மீற்றர்
- நமுனுகுல: 2,036 மீற்றர்
- நக்கிள்ஸ் தொடரின் உச்சமான கொம்பனிய: 1,906 மீற்றர்

வெவ்வேறு வரைபடங்களில் ஐந்து பத்து மீற்றர் வித்தியாசம் இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறொன்று: இவற்றில் எதுவும் உயர நோய் வரும் அளவுக்கு உயரமானது அல்ல. மூச்சு வாங்கினால் அதற்குக் காரணம் ஏற்றம்தான். இங்கே உண்மையான எதிரிகள் மழை, குளிர், மூடுபனி, வழுக்கும் மண் ஆகியவையே.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

இலங்கைக்கு இரண்டு பருவக்காற்றுகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளை நனைக்கிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று கிழக்குச் சரிவுகளுக்கு மழை தருகிறது. இடையில் வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டு பக்கமும் பிற்பகலில் இடியோடு கொட்டும். நடுவில் நிற்கும் மலைச்சுவர்தான் இந்தப் பிரிவினைக்குக் காரணம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்து மோதுகிறதோ அந்தப் பக்கம் மழை, மறுபக்கம் வறண்ட காற்று.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் திட்டம் தானாக அமைந்துவிடும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை சிவனொளிபாத மலை, கிரேட் வெஸ்டர்ன், ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவிலுள்ள கிரிகல்பொத்தை, தொட்டுப்பொலை எல்லாம் ஏற்ற நிலையில் இருக்கும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் விடுமுறை கிடைக்கிறது என்றால் மேற்கை விட்டுவிட்டு மலைநாட்டின் கிழக்கிலுள்ள ஊவா பக்கம் போங்கள். சிவனொளிபாத மலைப் பக்கத்து மஸ்கெலியாவில் விடாமல் மழை பெய்யும் அதே நாளில் நமுனுகுலவின் உச்சியிலிருந்து தெளிவான வானத்தைக் காணலாம். நக்கிள்ஸ் மட்டும் இரண்டு பருவக்காற்றிலும் நனையும் மலை. அங்கே மார்ச்சும் ஏப்ரலின் முதல் பகுதியும் நல்லவை.

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிவாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இரவு வெப்பநிலை ஐந்து பாகைக்கும் கீழே இறங்கும். சில அதிகாலைகளில் புல்வெளி முழுவதும் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். கொழும்பின் வெக்கையிலிருந்து ஒரு சட்டையோடு வருபவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஏழு பாகை குறையும் என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் காற்றும் ஈரமும் சேரும்.

இரண்டாம் படி: அனுமதி யாரிடம்?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தேசிய பூங்காக்கள் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. நக்கிள்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகள் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருக்கின்றன. ஒன்றின் அனுமதிச் சீட்டு மற்றதில் செல்லாது. தேயிலைத் தோட்டத்தின் வழியாகப் போகும் பாதை என்றால் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்ல வேண்டும்.

ஹோர்ட்டன் சமவெளியில் நுழைவாயிலிலேயே டிக்கெட் வாங்கலாம். உள்நாட்டவர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. எனவே தேசிய அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ கையில் வைத்திருங்கள். கூடாரம் அடித்துத் தங்க விரும்பினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும், முன்கூட்டியே பெற வேண்டும். காட்டுக்குள் எங்காவது கூடாரம் அடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். வறண்ட மாதங்களில் மலைப் புல்வெளியில் மூட்டும் ஒரு சிறு நெருப்பு முழு மலைச்சரிவையும் கருக்கிவிடும்.

பிதுருதலாகலையின் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் இருக்கின்றன. அந்த இடம் பாதுகாப்புப் படையினரின் பொறுப்பில் இருக்கிறது. காவலரணில் அடையாளத்தைப் பதிந்துவிட்டு வாகனத்தில் மேலே போக அனுமதிக்கும் நடைமுறை உண்டு. ஆனால் அது நிலைமைக்கேற்ப மாறக்கூடியது. போவதற்கு முந்தைய நாள் நுவரெலியாவில் விசாரித்துக்கொள்ளுங்கள். நடந்துதான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். மலையின் அடிவாரத்தில் விழும் லவர்ஸ் லீப் நீர்வீழ்ச்சி ஒன்று. நகரின் மறுபக்கம், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒற்றை மரக் குன்று மற்றது. குன்றின் மேலிருந்து பார்த்தால் பிதுருதலாகலையின் முழு உருவமும் கண்முன்னே நிற்கும். உச்சியில் நின்றுகொண்டு ஒரு மலையின் உருவத்தைப் பார்க்க முடியாது அல்லவா?

மூன்றாம் படி: உடம்பைத் தயார் செய்யுங்கள்

எத்தனை மணிநேரம் ஆகும் என்று கணிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. 1892இல் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த நைஸ்மித் என்பவர் சொன்னது. ஐந்து கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு மணிநேரம், அதோடு ஒவ்வோர் அறுநூறு மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணிநேரம். சிவனொளிபாத மலைக்கு அடிவார ஊரான நல்லதண்ணி வழியாக ஏழு கிலோமீற்றர் தூரம், ஆயிரம் மீற்றர் ஏற்றம் என்று வைத்தால் மூன்று மணிநேரம் வருகிறது. கூட்டமில்லாத நாளில் இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு நல்ல பாதைக்கு உரியது. கிரிகல்பொத்தைக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு மணிநேரம் என்று வரும். அதை நம்பிப் போகாதீர்கள். சேற்றையும் மூங்கிலையும் தாண்டிப் போக மூன்று மணிநேரத்துக்கு மேல் ஆகும். ஈரமான காட்டுப் பாதைக்கு, கிடைத்த விடையோடு பாதியைக் கூட்டிக்கொள்வதே பாதுகாப்பு.

பயிற்சிக்குப் படிக்கட்டைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். ஏறுவதோடு இறங்கவும் பழகுங்கள். மலையில் காயப்படுபவர்களில் பெரும்பாலோர் களைத்துப்போய் இறங்கும்போது விழுபவர்கள். தொடைத் தசையில் பலம் இருந்தால்தான் இறக்கத்தில் முழங்கால் தப்பும்.

நான்காம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

நல்ல பிடிமானமுள்ள காலணி, மழைக்கவசம், ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுக் காலுறை இரண்டு சோடி, தலையில் கட்டும் விளக்கு, ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தண்ணீர், இணையம் இல்லாமல் திறக்கக்கூடிய வரைபடம், விசில். பருத்திச் சட்டை நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செயற்கை இழையில் செய்த சட்டை விரைவில் காயும்.

உணவைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட்டின் உறையைப் பிரித்துக் காகிதத்தில் மாற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். இது வீண் கெடுபிடி அல்ல. வாகனத் தரிப்பிடத்தில் மான் இனத்தைச் சேர்ந்த மரைகள் மனிதர்களுக்கு அஞ்சாமல் வந்து நிற்கின்றன. உப்பு ஒட்டிய உறையைத் தின்றால் அது வயிற்றில் தங்கி மெல்ல மெல்லக் கொன்றுவிடும். அதே காரணத்துக்காக அவற்றுக்கு ரொட்டித் துண்டு நீட்டுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குத் தயாராக வேண்டும். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால் காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகி, அதன்மேல் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தடவிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் செய்வதும் இதுதான். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள். அட்டையின் மெல்லிய முனை வாய்ப்பக்கம். அந்த முனைக்கு அருகே தோலோடு ஒட்டி நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் பிடியை விட்டுவிடும். உடனே அடுத்த முனை விரலில் ஒட்டும், அதையும் தட்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஒன்றை அட்டை செலுத்துவதால் வெகுநேரம் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. கழுவி, பஞ்சு வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.

தொட்டுப்பொலை: தொடங்க ஏற்ற மலை

நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலையை ஒரு காலைப் பொழுதில் ஏறி இறங்கிவிடலாம் என்றால் ஆச்சரியமாக இருக்கும். பட்டிப்பொல நுழைவாயிலைத் தாண்டியதும் வீதியோரத்திலேயே பாதை தொடங்குகிறது. வீதியே இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் இருப்பதால் ஏறுவதற்கு மிச்சம் குறைவு. ஒரு மணிநேரம், நிதானமாகப் போனால் ஒன்றரை. வழியெங்கும் குட்டை மூங்கிலும் காற்றில் முறுகிய குட்டை மரங்களும் இருக்கும். இராவணனின் புஷ்பக விமானம் இந்த மலையில்தான் இறங்கியது என்று ஊரார் சொல்வதுண்டு.

இதே பூங்காவில் உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்றே தோன்றும். குழந்தைகளோடு வரும் குடும்பத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கிரிகல்பொத்தை: நடந்து ஏறக்கூடியவற்றில் மிக உயர்ந்தது

ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்காகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாத வனப்பகுதி, நக்கிள்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. புல்வெளியில் காலை வைத்தால் பஞ்சு போல அமுங்கும் ஈரம்தான் இந்த நாட்டின் வயல்களுக்குப் போகிறது என்று நினைத்தால், பாதையை விட்டு விலகி மிதிக்க மனம் வராது.

பூங்காவின் வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கே அங்கே இருங்கள். நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வாகனத்தில் வர ஒன்றரை மணிநேரம் வைத்துக்கொள்ளலாம். ரயிலில் வருபவர்கள் பட்டிப்பொலவிலோ ஓஹியாவிலோ இறங்கி முச்சக்கரவண்டி பிடிக்கலாம். பட்டிப்பொல 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் ஆக உயர்ந்த ரயில் நிலையம். ஓஹியாவிலிருந்து பூங்காவின் நடுப்பகுதிக்கு வீதி வழியே நடந்தும் வரலாம். பதினொரு கிலோமீற்றர் ஏற்றம், ஆனால் காட்டின் ஊடாகப் போகும் அழகான வீதி.

ஃபார் இன் என்று இன்றும் அழைக்கப்படும் பழைய பங்களாவில் பார்வையாளர் நிலையம் இருக்கிறது. கிரிகல்பொத்தைக்கான பாதை அதன் அருகிலிருந்தே தொடங்குகிறது. போகிற தூரம் ஏழு கிலோமீற்றர், வருகிற தூரம் ஏழு. புறப்படுமுன் அங்குள்ள அதிகாரிகளிடம் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல் முறை வருபவர்கள் பாதை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

முதல் பகுதி திறந்த புல்வெளி. அங்கே தூரம் தெரியாமல் கால் தானாக நடக்கும். பிறகு பாதை காட்டுக்குள் நுழைகிறது. மழைநீர் அறுத்த பள்ளமே பல இடங்களில் பாதையாக இருக்கும். இரண்டு பக்கமும் இடுப்பளவு புல் மூடியிருக்கும், கால் எங்கே படுகிறது என்று தெரியாது. குச்சி ஒன்று கையில் இருந்தால் முன்னே தட்டிப் பார்த்து நடக்கலாம். அதன்பின் மூங்கில். குனிந்துதான் போக வேண்டும், பனித்துளி எல்லாம் முதுகில் கொட்டும். கடைசி ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்தானது. வானம் தெளிவாக இருந்தால் மேற்கே சிவனொளிபாத மலையின் கூம்பு தனித்து எழுந்து நிற்பதைக் காணலாம்.

மார்ச், ஏப்ரலில் ரொடொடென்ரன் மரங்கள் இரத்தச் சிவப்பாகப் பூத்திருக்கும். நீண்ட வாலுடைய கருங்குரங்குகளின் குரல் கேட்கும். சிறுத்தையின் காலடி சேற்றில் பதிந்திருப்பதும் உண்டு. யானைகளும் ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் இருந்தன. இப்போது இல்லை.

மதியம் பன்னிரண்டு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். உச்சி இருநூறு மீற்றர் தொலைவில்தான் இருக்கிறது என்றாலும் இந்த விதியை மாற்ற வேண்டாம். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் புல்வெளியில் எல்லாத் திசையும் ஒன்றுபோலவே தெரியும். உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைச் சுற்றிவரும் ஒன்பது கிலோமீற்றர் நடையை வேறொரு நாளுக்கு வையுங்கள். உலக முடிவில் ஏறத்தாழ 880 மீற்றர் கீழே விழும் பாறைச் சரிவைப் பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். அதன்பின் கீழிருந்து எழும் மேகம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சிவனொளிபாத மலை

உயரத்தில் இது முதல் மூன்று இடங்களுக்குள் வராது. ஆனால் இலங்கையில் மனிதக் கால்கள் மிகுதியாக ஏறிய மலை இதுதான். உச்சிப் பாறையிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர்கள் சிவனுடையது என்றும், பௌத்தர்கள் புத்தருடையது என்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் ஆதாமுடையது என்றும் வணங்குகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இபன் பதூதா இந்த மலையில் ஏறியிருக்கிறார். பாறையில் பொருத்திய சங்கிலிகளைப் பிடித்து ஏறியதை அவர் எழுதிவைத்திருக்கிறார். இன்று கொங்கிறீட் படிகள் இருக்கின்றன. எண்ணிக்கையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள், ஐயாயிரத்துக்குக் குறையாது.

பருவகாலம் டிசெம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அந்த மாதங்களில் இரவு முழுவதும் விளக்கு எரியும், வழியெங்கும் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் விளக்கும் இல்லை, கடையும் இல்லை, உச்சியில் ஒதுங்க இடமும் அரிது. தனியே வருபவர்கள் பருவகாலத்தையே தேர்ந்தெடுங்கள்.

கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ரயிலில் ஹட்டன் வந்து, அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் போகலாம். அந்த வழியில் ஏழு கன்னியர் மலைத்தொடரைக் காண்பீர்கள். 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அவ்வழியாகப் போகும்போது ஒரு கணம் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டும் என்றால் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அல்லது இரண்டு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து புறப்படுங்கள். அதைவிட முன்னால் போவது வீண். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சியில் இரண்டு மணிநேரம் குளிரில் நடுங்கக் காத்திருக்க நேரிடும். கொஞ்சம் மெதுவாக ஏறுங்கள். கம்பளிச் சட்டையைப் பையிலேயே வைத்திருந்து, மேலே போனதும் உள்சட்டையை மாற்றிவிட்டு அணியுங்கள். சீதகங்குல ஓடை வரை பாதை எளிது. அங்கே யாத்திரிகர்கள் முகம் கால் கழுவிக்கொண்டு போவார்கள். அதன்பின் படிகள் நெருக்கமாகும். கடைசிப் பகுதியான மகாகிரிதம்பவில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

போயா எனப்படும் பௌர்ணமி தினங்களிலும் வார இறுதியிலும் இந்த இடத்தில் நெரிசலில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும், பொழுதும் அங்கேயே விடிந்துவிடும். வேலை நாளில் வாருங்கள். வயதானவர்கள் ஊன்றுகோலோடு, பிள்ளைகள் கைபிடிக்க, ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று ஏறிக்கொண்டிருப்பார்கள். வெள்ளை உடுத்திய பாட்டிகளைத் தள்ளிவிட்டு முன்னேறுவதற்கு இது பந்தயம் அல்ல. வழி விடுங்கள், கை கொடுங்கள்.

உச்சியில் காலணியைக் கழற்ற வேண்டும். அதிகாலையில் அந்தத் தரை பனிக்கட்டி போலக் குளிரும். காலுறைக்கு அனுமதி உண்டு, எனவே காய்ந்த தடித்த காலுறை ஒரு சோடியை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை முறை மணியை அடிப்பது வழக்கம். முதல் முறை வந்தவர் ஒருமுறை அடித்தால் போதும்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்துவிட்டு இறங்கத் தொடங்குவார்கள். நீங்கள் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் துல்லியமான முக்கோணமாகக் கீழே மூடுபனிமேல் விழுந்து கிடக்கும். சூரியன் ஏற ஏற அது உங்களை நோக்கிச் சுருங்கி வரும். சில நிமிடங்கள்தான்.

இரத்தினபுரிப் பக்கமிருந்து பலாபத்தல வழியாகவும், குருவிட்ட எரத்ன வழியாகவும் பழைய பாதைகள் இருக்கின்றன. தாழ்ந்த நிலத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றம் மிக அதிகம், அட்டையும் அதிகம். ஆனால் நல்ல மழைக்காட்டின் ஊடாகப் போகும் வழி. நல்லதண்ணி வழியாக ஒருமுறை ஏறிய பிறகு, உடம்பில் நம்பிக்கை இருந்தால் அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் இறங்குங்கள்.

கிரேட் வெஸ்டர்ன்

தலவாக்கலையைத் தாண்டி நானுஓயாவை நோக்கி வரும் ரயிலில், இடையில் இதே பெயரில் ஒரு சிறிய நிலையம் வரும். நிலையத்தில் நின்று நிமிர்ந்தால் மலைச்சுவர் தலைக்கு மேலே தெரியும். பாதை தேயிலைத் தோட்டத்தில் தொடங்கி, காட்டுக்குள் நுழைந்து, கடைசியில் வேர்களைப் பிடித்து ஏறும் செங்குத்தாக மாறும். போய்வர ஐந்து, ஆறு மணிநேரம் வேண்டும். தோட்டத்துக்குள் பிரியும் பாதைகள் ஏராளம். கொழுந்து கொண்டுபோகும் வழி எது, மலைக்குப் போகும் வழி எது என்று வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது. அங்கே வசிக்கும் இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி, கூலியை முன்கூட்டியே பேசி, பேரம் பேசாமல் கொடுங்கள். மலையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்தச் செயலியிலும் கிடைக்காது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைநாட்டின் ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை இருநூறு ஆண்டுகளாகத் தோட்டத் தொழிலாளர்கள் வெட்டி, சுமந்து, நடந்து உண்டாக்கியவை. தொழிலாளர்கள் வசிக்கும் லயன் எனப்படும் வரிசை வீடுகளின் முற்றத்தின் வழியாக நீங்கள் நடக்கும்போது அது ஒருவருடைய வாசல். ‘அக்கா, மலைக்கு இப்படியா போவது?’ என்று கேட்டால் வழியும் சொல்வார்கள், தண்ணீரும் தருவார்கள். கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் எடைக்கணக்கில் கூலி வாங்கும் வேலையில் இருக்கிறார்கள், நின்று சிரிக்க அவர்களுக்கு நேரம் இல்லை.

நமுனுகுலவும் நக்கிள்ஸும்

நமுனுகுல ஊவாவின் தனி மலை. பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களின் வழியாக ஏறலாம். மேற்கே மழை கொட்டும் ஜூன், ஜூலை, ஓகஸ்டில் இதை வைத்துக்கொள்ளுங்கள். காற்று மட்டும் பலமாக இருக்கும், தொப்பியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நக்கிள்ஸ் தனி உலகம். ரிவஸ்டன் பக்கத்தில் எளிதான சிறு நடைகள் நிறைய இருக்கின்றன. உச்சமான கொம்பனியவுக்கு வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. உயரம் குறைவு என்று நினைத்து இந்தத் தொடரில் வழிதவறுபவர்கள் உண்டு. மூடுபனி ஐந்து நிமிடத்தில் சூழ்ந்துகொள்ளும். வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை நுழையும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

வழி தவறினால், காயப்பட்டால்

பாதை தெரியவில்லை என்று உணர்ந்த நொடியில் நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு மட்டும் திரும்பலாம். ஓடையைப் பின்பற்றிக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்ற எண்ணம் இந்த மலைகளில் மிக ஆபத்தானது, ஏனென்றால் இங்கே ஓடைகள் நீர்வீழ்ச்சியில்தான் போய் முடிகின்றன. விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். இருக்கும் எல்லா உடையையும் அணிந்து காற்றுக்கு மறைவாக உட்காருங்கள்.

1990 இலவச அம்புலன்ஸ் சேவை, 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். மூன்றையும் தொலைபேசியில் பதிந்துவையுங்கள். சிக்னல் பெரும்பாலும் முகட்டில்தான் கிடைக்கும், பள்ளத்தில் கிடைக்காது. குளிரில் பற்றரி விரைவில் இறங்கும் என்பதால் தொலைபேசியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

ஒரு வாரத்துக்கான திட்டம்

பெப்ரவரியிலோ மார்ச்சிலோ வருபவர்களுக்கு: முதல் நாள் ரயிலில் நானுஓயா வந்து நுவரெலியாவில் தங்கி, மாலையில் ஒற்றை மரக் குன்று. இரண்டாம் நாள் அதிகாலை உலக முடிவு, திரும்பும் வழியில் தொட்டுப்பொலை. மூன்றாம் நாள் கிரிகல்பொத்தை. நான்காம் நாள் கால்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஹட்டன் வழியாக நல்லதண்ணி, மாலை ஏழு மணிக்கே படுக்கை. ஐந்தாம் நாள் அதிகாலையில் சிவனொளிபாத மலை, இறங்கியதும் நல்ல உறக்கம். ஆறாம் நாள் உடம்பு இடம் கொடுத்தால் கிரேட் வெஸ்டர்ன்.

ஏழாவது நாளை எதற்கும் ஒதுக்காதீர்கள். மழை ஒரு நாளைப் பறித்துவிட்டால் அது கைகொடுக்கும். கனமழைக்குப் பிறகு மண்சரிவால் மலைநாட்டு ரயில் பாதையும் வீதிகளும் மூடப்படுவதுண்டு என்பதால், புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். விடுமுறைக் காலத்தில் ரயிலின் முன்பதிவு ஆசனங்கள் விரைவாகத் தீர்ந்துவிடும். பயண நாளை உறுதி செய்ததும் முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு தங்குமிடம் தேடுங்கள்.